பதினொன்றாம் அத்தியாயத்துக்கு ஒரு டாக்ஸி

ஏழு சனிக்கிழமைகளாக நிடியா நூலகத்துக்குப் பக்கங்கள் கொண்டுபோகவில்லை. பலகாரம்தான் கொண்டுபோனாள்.

அது அந்தக் குழுவின் சட்டம். நாவல் எழுதுகிறேன் என்று வந்து உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் வாரம் நாலு பக்கம் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் எல்லோருக்கும் ஒரு டஜன் ஃபக்துரா வாங்கி வர வேண்டும். பால் இனிப்பு வைத்தது, பிறை மாதிரி வளைந்தது, சர்க்கரை தூவியது என்று பேக்கரியில் கலந்துகட்டித் தருவார்கள். ஏழாவது வாரம் பேக்கரிக்காரி, "என்ன நிடியா, இன்னுமா எழுத வரல?" என்று கேட்டேவிட்டாள். பேட்டைக்கே தெரிந்துவிட்டது, போங்கள்.

இத்தனைக்கும் முதல் பத்து அத்தியாயமும் மளமளவென்று வந்தவை. ரேடியோ டாக்ஸி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை நிடியாவுக்கு. ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில், பழைய சவாரித் தாள்களின் முதுகில் எழுதி எழுதியே முக்கால் நாவலை முடித்திருந்தாள். பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் வண்டி நின்றுபோனது.

அந்த அத்தியாயத்தில் அம்மா வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

போனவள் நிடியாவின் சொந்த அம்மாதான். அப்போது நிடியாவுக்கு ஆறு வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போன அம்மாவின் முதுகு அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அங்கிருந்து படகேறி பரானா ஆற்றின் அந்தக் கரைக்குப் போனாள் என்று பிற்பாடு சொன்னார்கள். நாற்பத்தோரு வருஷமாயிற்று. கதையில் பேரெல்லாம் மாற்றிவிட்டாள். அம்மாவுக்குத் தெல்மா என்று புதுப்பேர். இருந்தும் என்ன, தெல்மா தெருமுனைக்கு வந்ததும் நிடியாவின் பேனா நின்றுவிடும்.

குழுவில் இருந்த மூன்று பேரும் அவளை விடுவதாக இல்லை. குழாய் வேலை செய்கிற ஃபப்ரீசியோதான் ஆரம்பித்து வைத்தான். ஒரு நாள் டாக்ஸி எண்ணுக்கே போன் வந்தது.

"ஹலோ, ரேடியோ டாக்ஸியா? ஒரு வண்டி அனுப்புங்க."

"எங்கிருந்து எங்க போகணும், சார்?"

"பத்தாம் அத்தியாயத்துலேர்ந்து பதினொண்ணாம் அத்தியாயத்துக்கு. தெருமுனையில ஒரு பொம்பள ஏழு வாரமா பெட்டியோட நிக்குதாம். பாவம், கால் வலிக்காதா?"

நிடியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் பல் மருத்துவர் திசியானா அதே எண்ணில் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை வரி?" என்றாள். "மூணு" என்று முணுமுணுத்தாள் நிடியா. "மூணு வரியா! கைதட்டுறேன், கேக்குதா?" என்று அங்கே ஒரு நோயாளியை வாய்பிளக்க வைத்துவிட்டு நிஜமாகவே கைதட்டினாள் அந்தப் பெண். குழுவை நடத்துகிற சுல்மா தினமும் சரியாக நாலு மணிக்குக் கூப்பிடுவாள். கோர்ட்டில் இருபது வருஷம் தட்டச்சு செய்தவள். பேச்சை வளர்க்கமாட்டாள். "எழுது" என்பாள். வைத்துவிடுவாள்.

மேற்பார்வையாளர் முறைத்தார். ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு பக்கம் வந்துவிட்டது. கிழித்துப் போடுவாளோ என்ற பயத்தில் ஃபப்ரீசியோ வேலை உடுப்போடு அலுவலகத்துக்கே வந்து, நகல் எடுத்துத் தருகிறேன் என்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நிடியாவின் கணவன் ஆபெலின் வாய்.

* * *

நிடியாவின் அக்கா ரமோனா, அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் முன்னறையிலேயே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போன ஆபெல், கழுத்தில் துண்டு கட்டியவுடன் பெருமை தாங்காமல் உளறிவிட்டான். "உங்க தங்கச்சி புஸ்தகம் எழுதுறா தெரியுமா? உங்க அம்மாவைப் பத்தி!"

பாதி வெட்டின தலையோடு அனுப்பாமல் விட்டாளே, அதுவே பெரிசு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரமோனா வந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயதிலும் நடையில் ஒரு விறைப்பு. நிடியா மாத்தே இலை போட்ட கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகுழலோடு நீட்டினாள். அக்கா கையில் வாங்கினாள், உறிஞ்சவில்லை.

"எத்தனை பக்கம்டி எழுதியிருக்க?"

"எரநூத்துப் பத்து."

"நம்மள விட்டுட்டுப் போனவளுக்கு எரநூத்துப் பத்து பக்கம். உனக்குச் சூப்பு வச்சு ஊத்தினவளுக்கு எத்தனை?"

அம்மா போனபோது ரமோனாவுக்குப் பதினாலு வயது. அப்பா ரயில் பட்டறையில் வேலைக்குப் போய்விடுவார். நிடியாவின் பள்ளிக்கூட வெள்ளை அங்கியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணினது ரமோனா. பேன் பார்த்தது ரமோனா. ஊசி போடும்போது கண்ணைப் பொத்தினதும் அவள்தான்.

"ரமோ, இது கதை. பேரெல்லாம் மாத்திட்டேன்."

"பேரை மாத்தினா? இந்தத் தெருவுல யாருக்கு என்ன தெரியாது? நம்ம வீட்டு அசிங்கத்தை முன்னபின்ன தெரியாத நாலு பேர் பலகாரம் தின்னுக்கிட்டே கேக்கணுமா?"

"அவங்க முன்னபின்ன தெரியாதவங்க இல்ல."

"அப்ப நான் யாரு?" ரமோனாவின் குரல் உடைந்தது. அவள் அழுது நிடியா பார்த்ததில்லை. அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட அவள் அழவில்லை. "கேட்டுக்க நிடி. அம்மா கதை வெளிய வந்துதுன்னா உனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது. அவ்வளவுதான்."

ஆபெல் சமையலறை வாசலில் தலையைக் காட்டிவிட்டு, நிலவரம் சரியில்லை என்று அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டான்.

நிடியா மேஜைத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நாவல் இல்லாமல் நாற்பத்தேழு வருஷம் இருந்தாயிற்று. அக்கா இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை.

"சரி. இன்னைக்கே போய் நிறுத்திட்டேன்னு சொல்லிடறேன். பக்கத்தையும் வாங்கிட்டு வந்துடறேன். போதுமா?"

ரமோனா அவளை ஏறஇறங்கப் பார்த்தாள். கிண்ணத்தை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு முழுக்க நிடியாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. மத்தியானம் ஆபெல் போட்ட பாஸ்தாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அம்மா போனதைவிட இது வலிக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா போனபோது அவளைக் கேட்டா போனாள்? இதை அவளே தன் கையால் நிறுத்த வேண்டும்.

* * *

சாயங்காலம் ஐந்து மணிக்கு, எட்டாவது முறையாகப் பலகாரப் பொட்டலத்தோடு நூலகத்தின் பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

அவளைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து கைதட்டினார்கள். மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் நாலு தாள் நகல். தெல்மாவின் பேர் முதல் வரியிலேயே தெரிந்தது.

"பக்கமும் வந்துடுச்சு, பலகாரமும் வந்துடுச்சு. இன்னைக்குக் கல்யாணம்தான்!" என்றான் ஃபப்ரீசியோ.

"இல்ல, நான் ஒண்ணு சொல்லணும். சுல்மா, நான்..."

"உட்காரு" என்றாள் சுல்மா. "பக்கம் மேஜைக்கு வந்துடுச்சா? வந்துடுச்சு. இனிமே உனக்கு வாய் கிடையாது."

இதுவும் குழுவின் சட்டம்தான். எழுதினவர் தன் பக்கத்தைத் தானே வாசிக்கக் கூடாது. இடப்பக்கத்தில் இருப்பவர் வாசிப்பார். வாசித்து முடிந்து, எல்லோரும் ஒரு சுற்றுப் பேசி முடிகிற வரைக்கும் எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. அழலாம், மூக்கைச் சிந்தலாம். பேச மட்டும் கூடாது. முதல் வாரம் ஃபப்ரீசியோ மீறிப் பேசியதற்கு ஒரு மாதம் மாத்தே வெந்நீர் சுமக்க வேண்டியிருந்தது.

"ஆனா சுல்மா..."

"வாய்!"

நிடியா உட்கார்ந்தாள். இடப்பக்க நாற்காலி காலி. அது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒருவருடையது. திசியானா எழுந்து அங்கே வரப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ரமோனா.

தங்கையின் வாக்கை நம்பாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அறையை ஒரு பார்வை பார்த்தாள். "நான் இவளோட அக்கா. இருந்து பார்க்கலாமா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தங்கைக்குப் பக்கத்தில் காலியாயிருந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நிடியா நாற்காலியை அரையடி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தாராளமா இருக்கலாம்" என்றாள் சுல்மா. "ஆனா அந்த இடத்துல உட்கார்ந்தவங்கதான் வாசிக்கணும். விருந்தாளிக்கும் விலக்கு கிடையாது." நாலு தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ரமோனா தாளைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. நிடியா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், கையை விரித்தாள். நான் கொடுக்கவில்லை, சத்தியமாக நான் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"பரவால்ல" என்றாள் ரமோனா. "வாசிக்கிறேன். என்ன எழுதியிருக்கான்னு நானும் பார்க்கணுமே."

மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்தை மளிகைச் சீட்டைப் படிக்கிற மாதிரி வேகமாகப் படித்தாள், ஒரு நக்கலோடு. தெல்மா பெட்டியை மூடுகிறாள். தெல்மா கண்ணாடியில் தலையைச் சரிசெய்கிறாள். இரண்டாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. தெல்மா தெருமுனைக்குப் போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலில் ஒரு சின்னப் பெண் தனியாக நிற்கிறாள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் தனியாகத் தூங்குகிறாள், தனியாகப் பள்ளிக்கூடம் போகிறாள், தனியாகச் சூப்புக் குடிக்கிறாள்.

ரமோனா தாளைத் திருப்பிப் பார்த்தாள், ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போன மாதிரி.

நாலாம் பக்கத்தின் கடைசி வரியை அவள் மிகவும் மெதுவாக வாசித்தாள்.

"ஒவ்வொரு நாளும் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் வந்து அந்தக் கதவைத் தட்டவே இல்லை."

தாள் அவள் கையில் அப்படியே நின்றது.

"சுற்று ஆரம்பிக்கலாம்" என்றாள் சுல்மா. "வாசிச்சவங்க கடைசியில பேசலாம். திசியானா?"

"அந்தக் கண்ணாடி இடம் ரொம்பப் பிடிச்சது" என்றாள் திசியானா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போகும்போதுகூடத் தலைமுடியைச் சரிபண்ணிக்கிறாளே, அது நிஜம். கடைசி வரியும் நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் சுலபமா முடிஞ்ச மாதிரி எனக்கு ஒரு சந்தேகம்."

ஃபப்ரீசியோ தொண்டையைக் கனைத்தான். "நான் குழாய்க்காரன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். குழாயில தண்ணி வருதுன்னா சுவத்துக்குள்ள எங்கயோ ஒரு பைப் இருக்கணும். இந்தப் பொண்ணு தினமும் சூப்புக் குடிக்குது. அங்கி வெள்ளை வெளேர்னு இருக்கு. அதுக்கு வயசு ஆறு. அப்பா வேலைக்குப் போயிடறாரு. சூப்பு வச்சது யாரு? துவைச்சது யாரு? அந்த வீட்டுல இன்னொரு ஆள் இருக்கு. நிடியா அதை மறைச்சுட்டா. ஏன் மறைச்சான்னுதான் எனக்குப் புரியல. என்னைக் கேட்டா, மத்தவங்களைவிட அந்த ஆளோட கதைதான் எனக்கு வேணும்."

ரமோனா ஃபப்ரீசியோவை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

நிடியா மேஜைக்கு அடியில் விரல்களைக் கோத்து நெரித்தாள். ஏன் மறைத்தாள்? அக்காவை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது என்று நினைத்து மறைத்தாள். அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று அவளை வீட்டிலிருந்தே தூக்கிவிட்டாள். அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்றால் வாய் கிடையாது.

"அம்மா, நீங்க?" என்று ரமோனாவைக் கேட்டாள் சுல்மா.

ரமோனா கண்ணாடியைக் கழற்றினாள்.

"கடைசி வரி தப்பு" என்றாள்.

"எப்படி?"

"தட்டினாங்க."

சுல்மாவின் கையில் மாத்தே கிண்ணம் பாதியில் நின்றது.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா. குளிர்காலம், மத்தியானம் மூணு மணி. அப்பா பட்டறையில. சின்னவளுக்குக் காய்ச்சல், உள்ளே தூங்கிட்டிருந்தா. எனக்குப் பதினாறு வயசு. அடுப்புல சூப்பு. மூணு தடவை தட்டினா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. சன்னல் மரச்சட்டத்து இடுக்குல பார்த்தேன். அவளேதான்." ரமோனா தாளைக் கீழே வைத்தாள். "நான் திறக்கல. கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் போயிட்டா. அப்பாகிட்ட சொல்லல. இவகிட்டயும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல, இந்த நிமிஷம் வரைக்கும்."

நிடியாவின் வாய் தானாகத் திறந்தது. சுல்மா கையை உயர்த்தினாள். அது சட்டத்துக்காக உயர்ந்த கை இல்லை. அவளை முடிக்க விடு என்று கெஞ்சுகிற கை.

"எழுத வேண்டாம்னு காலையில சொன்னேன் இல்ல?" ரமோனா இப்போது தங்கையைப் பார்த்தே பேசினாள். "எழுதிக்கோ. ரமோனா கதவைத் திறக்கலன்னே எழுதிக்கோ. பேரை மாத்தினாலும் சரி, மாத்தாட்டியும் சரி. ஆனா நிடி, அந்த வீட்டுல நானும் இருந்தேன்டி. என்னைத் தூக்கிடாதே."

ஃபப்ரீசியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைப் பார்த்தான்.

"நிடியா" என்றாள் சுல்மா வெகு மெதுவாக. "உன் முறை."

சொல்ல வேண்டும் என்று வந்தது ஒன்று. நிறுத்திவிட்டேன் என்பது. அது இப்போது எங்கே போனதோ. நாற்பத்தோரு வருஷக் கோபம் ஒரே நொடியில் அம்மாவைவிட்டு அக்காமேல் பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே கரண்டியோடு நின்ற ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் போய் நின்றுவிட்டது. அடிப்பதா, அணைப்பதா? நிடியாவுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. எழுதியே ஆக வேண்டும். இனி எந்தத் தெருமுனையிலும் அவளால் நிற்க முடியாது.

"எழுதறேன் ரமோ. உன்னோடயே எழுதறேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஏன் திறக்கல?"

"அவ தனியா வரல. இடுப்புல ஒரு குழந்தை. காதுல குட்டித் தோடு. பொம்பளப் பிள்ளை." ரமோனா கைப்பையின் பட்டையை முறுக்கினாள். "எங்களை விட்டுட்டுப் போய் இன்னொண்ணைப் பெத்துக்கிட்டியேன்னு வயிறு எரிஞ்சது. அதான்."

நிடியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தனக்கு ஒரு தங்கை. இப்போது நாற்பது வயதிருக்கும்.

"அந்தத் தங்கச்சி எங்க இருக்கான்னு தெரியுமா?"

ரமோனா சொல்லாமலே போயிருப்பாள். ஆனால் மேஜையைச் சுற்றி நாலு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் ஏளனம் இல்லை.

"போன மாசம் கடைக்கு வந்தா. முடி வெட்டிக்கத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். நாற்காலியில உட்கார்ந்து கண்ணாடியில என்னையே பார்த்தா. உன் கண்ணுடி. அப்படியே உன் கண்ணு. அம்மா செத்துப்போயிட்டாளாம். சாகிறப்ப உன் பேரைச் சொன்னாளாம். 'இந்த வீட்டுல நிடியான்னு ஒரு அக்கா எனக்கு இருக்காங்களாமே'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

ரமோனா கண்களை மூடிக்கொண்டாள்.

"அப்படி யாரும் இங்க இருந்ததே இல்லன்னு சொல்லிட்டேன்."